லாக்கரில் வைத்த கஞ்சி

ருக்கையாவின் கதையைக் கேட்டவர்களுக்கு ஒரு கேள்வி எழாமல் இருக்காது. ஊரோடு சேர்ந்து தானும் செய்துகொண்டிருக்கும் ஒரு காரியம் ஒருத்தியின் கண்ணில் படாமல் போவது எப்படி? தொலைவில் இருப்பது தெரியாமல் போகலாம். யாரோ மறைத்து வைத்தது தெரியாமல் போகலாம். கண்ணெதிரே, வாசம் வீசிக்கொண்டு, தன் கையாலேயே வாங்கி வைத்த ஒன்று தெரியாமல் போகுமா?

இத்தனைக்கும் பார்ப்பதுதான் அவளுக்குத் தொழில். நகரத்து ஆராய்ச்சி நிலையம் ஒன்றில், வயது ஏற ஏற மனித மூளை எவ்வளவு சுருங்குகிறது என்று எம்.ஆர்.ஐ. படங்களை வைத்து அளப்பவள். ஒருவருடைய மூளையை இன்று படம் எடுப்பார்கள். ஒன்றரை ஆண்டு கழித்து மறுபடி எடுப்பார்கள். முதல் படத்தின்மேல் இரண்டாவதைப் பொருத்தி வித்தியாசத்தைக் கணக்கிடும் நிரல் அவள் எழுதியது. மயிரிழைச் சுருக்கத்தையும் அது விடாது என்று பெயர்.

சிங்கப்பூரின் புக்கிட் மேராவில் பிறந்தவள். தகப்பனார் ஒலி முகம்மதுவுக்கு டன்லப் ஸ்திரீட்டில் சூட்கேஸ் கடை. ஊருக்குப் போகும் தொழிலாளர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, பெட்டியைத் திறந்து மூடி, உருட்டிப் பார்த்து வாங்கிப் போவார்கள். அந்தக் கடையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவள் இயற்பியல் படித்தாள், உதவித்தொகையில் வெளிநாடு போய் முனைவர் பட்டம் வாங்கினாள், திரும்பி வந்தாள். மேதை என்று அவளை யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. ஒரே அளவை நூறு தடவை எடுக்கச் சொன்னால் முகம் சுளிக்காமல் எடுப்பாள். அந்தத் துறைக்கு அது போதும். திருமணம் அமையவில்லை. உம்மா இறந்தபிறகு, நாற்பதைத் தாண்டிய மகளும் எழுபதை நெருங்கிய தகப்பனாரும் பழைய வீட்டிலேயே இருந்தார்கள்.

இந்தத் துறையின் ஆய்வுகளில் பெரும்பாலும் வெள்ளைக்காரர்களின் மூளைகள்தான் இருக்கும். சிங்கப்பூரில் சீனப் பெரியவர்கள் ஓரளவு வருவார்கள். தமிழ்ப் பெரியவர்களை வரவழைப்பது பெரும்பாடு. ருக்கையா தகப்பனாரிடம் கேட்டாள்.

“மண்டையத் தொறப்பியா?” என்றார் அவர்.

“தொறக்க மாட்டேன் வாப்பா. அசையாம படுத்திருந்தா போதும்.”

“படுக்கறதுக்கா ஆள் தேடறே? பள்ளிவாசல்ல ஜும்மா பயான் பேசற நேரத்துல வந்து பாரு. நம்ம கூட்டாளிங்க பாதிப் பேரு உக்காந்துகிட்டே தூங்குறான்.”

பள்ளிவாசல் கூட்டாளிகள் இருபது பேருக்கு மேல் சேர்த்துவிட்டார். அவர்களில் முதல் ஆளாகத் தானும் படுத்தார். முதல் சுற்றுப் படங்கள் நவம்பரில் எடுத்து முடிந்தன.

இரண்டாவது சுற்றுக்கு நாள் குறித்தபோது ரமலான் வந்திருந்தது. அதுவே வசதி என்றார் ஒலி முகம்மது. “இந்த மாசம்தான் எல்லாப் பயலும் ஒரே எடத்துல கெடைப்பான்.” பகலில் இயந்திரம் நோயாளிகளுக்கு. ஆராய்ச்சிக்காரர்களுக்கு மாலையில்தான் இடம். அசர் என்னும் மாலைத் தொழுகை முடிந்து, பள்ளிவாசலில் கொடுக்கும் நோன்புக் கஞ்சியை வாங்கிக்கொண்டு, பெரியவர்கள் மினிபஸ்ஸில் நாலைந்து பேராக வந்து இறங்கினார்கள்.

படம் எடுப்பவள் ரோஷினி. செங்காங்கில் இருந்து வருபவள், ருக்கையாவைவிடப் பத்து வயது இளையவள், ஒருவரையும் பயப்பட விடமாட்டாள். “அங்கிள், உள்ள மேக்னெட் இருக்கு. கீ, காயின், பெல்ட், வாட்ச் எல்லாம் லாக்கர்ல போட்டுடுங்க.”

“கஞ்சி?”

“கஞ்சியில என்ன அங்கிள் இரும்பு இருக்கு?”

“கையில வெச்சுக்கிட்டு எப்படிம்மா படுக்கறது? சாய்க்காம வை, சிந்திடும்.”

ருக்கையாதான் அந்த டப்பாக்களை வாங்கி, ஒவ்வொரு லாக்கரிலும் சாவிக்கொத்துக்குப் பக்கத்தில் நேராக நிறுத்தி வைத்தாள். அந்த மாதம் முழுக்க அறையில் இஞ்சியும் பூண்டும் ரம்பை இலையும் மணத்தன. “நோன்பு இல்லாத எனக்கே பசிக்குது லா” என்று ரோஷினி புலம்புவாள். அவளுக்கென்று ஒரு டப்பா தனியாக வரும்.

படுக்கும் முன் எல்லாரிடமும் கேள்விகள் கேட்பார்கள். உடம்பில் இரும்பு உண்டா, இதயத்தில் கருவி உண்டா, மூடிய இடத்தில் பயம் உண்டா. கடைசியாகத் தண்ணீர் குடித்தது எப்போது என்ற கேள்வி அதில் இல்லை. கேட்டிருந்தால் பெரியவர்கள் சிரித்திருப்பார்கள். ரமலானில் மாலை ஐந்து மணிக்குக் கேட்கிற கேள்வியா அது? கேட்கவேண்டியவளும் விடியலுக்கு முன் குடித்ததுதான். எல்லார் நாக்கும் ஒரே மாதிரி வறண்டிருந்தது.

முடிவு ருக்கையாவைத் திடுக்கிட வைத்தது. ஒன்றரை ஆண்டில் அந்த மூளைகள் ஏறக்குறைய மூன்று ஆண்டுக்குரிய அளவு சுருங்கியிருந்தன. நிரலைத் திரும்பத் திரும்ப ஓட்டினாள், அதே விடை. சர்க்கரையா, ரத்தக் கொதிப்பா, பரம்பரையா என்று விளக்கம் தேடிக் கட்டுரை எழுதினாள். அது நல்ல ஆய்விதழில் வந்தது. மாநாட்டிலும் அதைப் பேசினாள்.

பட்டியலில் பெயர்கள் இருக்காது, எண்கள்தான். ஆனால் எல்லாரையும்விட அதிகம் சுருங்கியிருந்த மூளை யாருடையது என்று அவளுக்குத் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் ஒலி முகம்மது மறுமணத்துக்கு ஒரு பெண்ணைப் பார்த்திருந்தார். மைமூன், கணவரை இழந்தவர். மீனும் கறியும் விற்கும் பிடோக் ஈரச்சந்தையில் மசாலா அரைத்துக் கொடுக்கும் கடை வைத்திருந்தார். உம்ரா புனிதப் பயணத்துக்குப் பெட்டி வாங்க டன்லப் ஸ்திரீட் வந்தவர், சக்கரம் சரியில்லை என்று மூன்று தடவை திருப்பிக் கொண்டுவந்தார். மூன்றாவது தடவை சக்கரத்தில் ஒரு கோளாறும் இல்லை. இருவருக்கும் அது தெரியும்.

தகப்பனார் விஷயத்தைச் சொன்னபோது ருக்கையா, “உங்க இஷ்டம் வாப்பா” என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள். கழுவ வேண்டிய பாத்திரம் அவ்வளவு இல்லை.

சில நாள் கழித்து அவர் முன்னால் வந்து உட்கார்ந்தாள். “ஒண்ணு சொல்லணும். ரூல்ஸ்படி நான் சொல்லக் கூடாது.”

“அப்ப சொல்லாத.”

“உங்க ஸ்கேன் வாப்பா. மத்தவங்களவிட உங்களுக்கு வேகமா சுருங்குது.”

அவர் தொலைக்காட்சியை அணைத்தார். “மறதி வருமா?”

“வரலாம்.”

“எப்ப?”

“அது சொல்ல முடியாது.”

அவர் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். மறுநாள் கடையில் இருந்தபடியே மைமூனுக்கு ஃபோன் செய்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டார். காரணத்தையும் மறைக்கவில்லை. இரவுச் சாப்பாட்டின்போது மகளிடம் சொன்னார்: “அந்தம்மா ஒருத்தர பத்து வருஷம் படுக்கையில வெச்சுப் பாத்தவங்க. இன்னொருத்தனையும் பாருன்னு சொல்ல எனக்கு மனசு வரல.”

ருக்கையாவுக்குப் பகீரென்றது. இப்படி ஆகும் என்று நினைத்து அவள் சொல்லவில்லை. ஆனால் அந்த அதிர்ச்சிக்குப் பின்னாலேயே ஒரு நிம்மதி வந்து போனது. எத்தனையோ அளப்பவள், அதை மட்டும் அளந்து பார்க்கவில்லை.

மூன்றாவது சுற்று மறுபடி ஒரு நவம்பரில் வந்தது. ஒலி முகம்மது வரமாட்டேன் என்றுவிட்டார். “ஒரு தடவ தெரிஞ்சது போதும்.” மற்றவர்கள் வந்தார்கள், படுத்தார்கள், போனார்கள். ருக்கையா நிரலை ஓட்டினாள்.

மூளைகள் வளர்ந்திருந்தன.

நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து நின்றுவிட்டாள். எழுபது வயது மூளை வளராது. சுருங்கியது ஒருபோதும் திரும்பாது என்பதன்மேல்தான் அந்தத் துறையே நிற்கிறது. ஒருவர் இருவர் அல்ல, வந்த எல்லாருக்கும் அப்படி.

“மிஷின்ல ஏதாவது மாத்துனியா?” என்று ரோஷினியைக் கேட்டாள்.

“இல்லக்கா. தண்ணி பாட்டில வெச்சு டெஸ்ட் பண்ணிட்டேன். போன வருஷம் எப்படியோ அப்படியேதான் இருக்கு.”

“அப்ப என் ப்ரோக்ராம் தப்பு.”

“ஏழு வருஷமா உங்க மண்டையிலயே ஓட்டிட்டு இருக்கீங்க. அதுல தப்பா வருதா?”

ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. இயந்திரம் நிலை மாறாமல் இருக்கிறதா என்று பார்க்க, ஊழியர் ஒருவரையே வாராவாரம் படுக்க வைத்துப் படம் எடுப்பார்கள். அந்த ஆய்வகத்தில் அது ருக்கையா. வியாழக்கிழமை மாலைதோறும் அவள் தலை குழாய்க்குள் போய்வந்தது. அந்த அளவுகளை வரைந்தால் நேர்கோடு வரவேண்டும். பெரும்பாலும் வந்தது. வருடத்தில் ஒருமுறை மட்டும் நாலு வாரம் கோடு தாழும். இயந்திரத்தின் தடுமாற்றம் என்று முடிவுகட்டி, அந்தப் புள்ளிகளை அவள் ஒவ்வொரு வருடமும் நீக்கிவிடுவாள். அது நேர்மையற்ற செயல் அல்ல. எல்லா ஆய்வகங்களிலும் நடப்பது. ஆனால் ஒரு மனிதர் எதை வேண்டாம் என்று ஒதுக்குகிறார் என்பதை வைத்தும் அவரை அறியலாம்.

இந்த முறை நீக்காமல் ஏழு வருடத்தையும் ஒன்றின்கீழ் ஒன்றாக வரைந்தாள். ஏழு பள்ளங்கள். ரோஷினி அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

“என்னக்கா இது, ஒரே மாசத்துல வரல? வருஷா வருஷம் கொஞ்சம் முன்னாடி முன்னாடி வருது பாருங்க. பத்துப் பதினொரு நாள் இருக்குமா?”

வருடத்துக்குப் பதினொரு நாள் முன்னால் நகர்வது உலகத்தில் என்ன இருக்கிறது என்று ஏழு வயதிலிருந்து ருக்கையாவுக்குத் தெரியும். ரமலான் பிறை பார்க்க அடுக்குமாடிப் புளோக்கின் மேல்மாடிக்கு ஓடியவள்.

ரோஷினிக்கு இன்னும் சற்று நேரம் பிடித்தது. பிறகு அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அக்கா… லாக்கர்ல கஞ்சி!”

பன்னிரண்டு மணி நேரம் தண்ணீர் குடிக்காவிட்டால் மூளையின் ஈரம் சற்றுக் குறைந்து அது மிகச் சிறிதளவு சுருங்கும். குடித்ததும் பழையபடி ஆகிவிடும். அதனால் கெடுதல் எதுவும் இல்லை. புத்தகங்களில் உள்ள செய்திதான்; ருக்கையா மாணவர்களுக்குச் சொல்லியும் இருக்கிறாள். முதல் படம் தண்ணீர் குடித்த மூளை, இரண்டாவது படம் நோன்பிருந்த மூளை. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று பொருத்தி, ஒரு சமூகத்தின் பெரியவர்களுக்கே மறதி வரப்போகிறது என்று உலகத்துக்குச் சொல்லிவிட்டாள். தகப்பனார் ரத்தக் கொதிப்புக்காக நீர் பிரியும் மாத்திரை வேறு சாப்பிடுபவர். அவர் பட்டியலின் உச்சியில் இருந்ததற்குக் காரணம் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், உப்புக் குப்பிக்குப் பக்கத்தில் இருந்தது.

நோன்பு பிடிக்காத ஓர் ஆராய்ச்சியாளர் அந்த அறைக்குள் நுழைந்திருந்தால் முதல் நாளே கேட்டிருப்பார்: இவர்கள் ஏன் ஒன்றும் குடிப்பதில்லை? ரோஷினிக்கும் கேட்கத் தோன்றவில்லை. கஞ்சி வாங்கிக் குடித்தவள், அவளும் அந்த வட்டத்துக்குள் வந்துவிட்டாள்.

ருக்கையா கட்டுரையைத் திரும்பப் பெற்றாள். தவறு தன்னுடையது என்று எழுதினாள். சக ஊழியர்கள் அதைத் துணிச்சல் என்றார்கள். அப்படிச் சொல்ல வேண்டியதில்லை. பொய் என்று தெரிந்ததைப் பொய் என்று சொல்வது கடன். துணிச்சல் தேவைப்பட்ட இடம் டன்லப் ஸ்திரீட்டில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, கடையில் கூட்டம். ருக்கையா பெட்டிகளுக்கு நடுவே நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஒலி முகம்மது காதில் வாங்கிக்கொண்டே ஒரு பெட்டியின் ஜிப்பை இழுத்து மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

“நோன்பா?” என்றார்.

“ஆமா வாப்பா.”

“நாங்க நோன்புன்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

“நீயும் நோன்புதானே?”

“ஆமா.”

“அண்ணே, இந்தப் பெட்டி எத்தன கிலோ புடிக்கும்?” என்று ஒரு தொழிலாளி கேட்டார். ஒலி முகம்மது அவரைப் பார்த்தார். விடை வாயில் வரவில்லை. நாற்பது வருடமாகத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடியது. அந்த ஆள் கொஞ்சம் காத்திருந்துவிட்டு வேறு பெட்டிப் பக்கம் நகர்ந்தார். மகளும் தகப்பனாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதிர்ச்சியில் வந்த மறதியா, வேறா? இருவர் மனத்திலும் ஒரே கேள்வி.

“அப்ப எனக்கு ஒண்ணுமில்லையா?” என்றார்.

“மத்தவங்களுக்கு இல்லன்னு தெரிஞ்சிடுச்சு. நீங்க மூணாவது தடவ வரல. உங்களுக்கு இருக்குன்னு நான் சொன்னது தப்பு. இல்லன்னு சொல்லவும் எங்கிட்ட ஒண்ணும் இல்ல.”

அவர் ஜிப்பை விட்டுவிட்டுப் பெட்டியை ஓரமாகத் தள்ளினார். பிறகு, “பிடோக்குக்கு நீ போ” என்றார். “நான் போனா அந்தம்மா பெட்டியத் தூக்கி எம்மேல எறிவாங்க.”

மைமூன் எதையும் எறியவில்லை. கடையில் மல்லித்தூளை அள்ளிக்கொண்டே கேட்டார். கேட்டு முடித்ததும் கரண்டி கையில் அப்படியே நின்றது.

“ஒங்க வாப்பாவ நான் மூளையப் பாத்தா கட்டிக்க நெனச்சேன்? மனுசன் சிரிக்கறதப் பாத்து நெனச்சேன்.”

“மன்னிச்சுடுங்க மாமி.”

“மன்னிப்பு கெடக்கட்டும். ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. இந்தக் கல்யாணம் ஒனக்குப் புடிச்சிருந்துச்சா?”

சந்தைச் சத்தத்துக்கு நடுவே ருக்கையா நின்றாள். நோன்பை மறந்தது அறியாமல் நடந்தது. விதியை மீறித் தகப்பனாரிடம் சொன்னது? மற்ற இருபது பேரில் யாருக்கும் அவள் சொல்லவில்லை. அது அன்புதான் என்று இதுவரை நினைத்திருந்தாள். இப்போது அவளுக்கே நிச்சயமில்லை.

“புடிக்கல” என்றாள்.

மைமூன் தலையசைத்தார். “இதாவது உண்மை” என்று சொல்லிவிட்டு, காத்திருந்த சீனப் பெண்மணியிடம் மலாயில், கோழிக்கா மீனுக்கா என்று கேட்டு மசாலா கலக்கத் தொடங்கினார். கலந்துகொண்டே, “நாளைக்கு அந்த மனுசன கடைக்கு வரச்சொல்லு” என்றார்.

அவர் போனார். பேசினார்கள். ஆனால் ஒலி முகம்மது பிடிவாதமாக ஒன்று சொல்லிவிட்டார்: இன்னொரு தடவை படம் எடுக்கவேண்டும், இந்த முறை நன்றாகத் தண்ணீர் குடித்துவிட்டு, மகள் பார்த்துச் சொல்லவேண்டும், அதன்பிறகுதான் நிக்காஹ். வேண்டாம் என்று மைமூன் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. ஒருமுறை தெரிந்துவிட்டது என்று நம்பி வாழ்ந்தவருக்குத் தெரியாமல் வாழ்வது கஷ்டம்.

வியாழக்கிழமை மாலை, ருக்கையா தன் நேரத்தை அவருக்குக் கொடுத்தாள். மைமூனும் கூட வந்து வெளியே உட்கார்ந்திருந்தார். ஒலி முகம்மதுவின் சாவி, வாட்ச், பெல்ட் எல்லாம் லாக்கரில். “இன்னிக்குக் கஞ்சி இல்லையா அங்கிள்?” என்றாள் ரோஷினி. “நீ இன்னும் அடங்கலையா?” என்று சொல்லிக்கொண்டே அவர் படுத்தார். இயந்திரம் தட்டத் தொடங்கியது.

கட்டியோ கசிவோ உண்டா என்று பார்க்கும் வெளி மருத்துவர், பயப்பட ஒன்றும் இல்லை என்று அங்கேயே சொல்லிவிட்டார். மீதி இருந்தது அந்த ஓர் அளவுதான். முதல் படமும் இன்றைய படமும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒரு பொத்தானை அழுத்தினால் விடை வந்துவிடும்.

ருக்கையா நாற்காலியில் உட்கார்ந்து இரண்டையும் பார்த்தாள். ரோஷினி காத்திருந்தாள். பிறகு ருக்கையா எழுந்து, திரையை அணைத்துவிட்டு வெளியே போனாள்.

தகப்பனார் எழுந்து நின்றார். “என்ன வந்துச்சு?”

“பாக்கல வாப்பா. பாக்கப் போறதுமில்ல.”

ஒலி முகம்மது மைமூனைத் திரும்பிப் பார்த்தார். மைமூன் அவரையும் பார்க்கவில்லை, ருக்கையாவையும் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். “ஏன்?” என்றார் ஒலி முகம்மது. இரண்டாவது தடவையும் கேட்டார்.

ருக்கையா லாக்கரைத் திறந்து, பெல்ட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். வாட்ச்சைத் தானே அவர் மணிக்கட்டில் கட்டிவிட்டு, “மாமி உங்க மூளையப் பாத்து வரல வாப்பா” என்றாள்.

அதற்குமேல் அவர் பிடிவாதம் பிடிக்கவில்லை; நிக்காஹ் அடுத்த மாதம் பிடோக்கில் நடந்தது. ஆய்வு இன்னும் நடக்கிறது. தண்ணீர் குடித்தீர்களா என்ற கேள்வி இப்போது முதலில் கேட்கப்படுகிறது. எல்லாருடைய படங்களையும் ருக்கையா ஒப்பிட்டுவிட்டாள். தகப்பனாரின் அந்த ஒன்று மட்டும் எடுத்தபடியே இருக்கிறது. ரோஷினி ஒருமுறை ஜாடையாகவும் ஒருமுறை நேராகவும் கேட்டுப் பார்த்தாள். இரண்டு தடவையும் ருக்கையா அடுத்த ஆளை உள்ளே அனுப்பச் சொன்னாள்.